நோட்டரி ஆவதும், நோட்டரியாக நிலைப்பதும்

கோவில்பட்டியிலிருந்து ஒரு வழக்கறிஞர் கேட்டிருக்கிறார்: வழக்கறிஞராக என்ரோல் ஆகி ஆறு வருடம் ஆகிறது, பெண், முன்சீப் கோர்ட்டில் சிவில் வேலைதான் அதிகம், நோட்டரி, அதாவது ஆவணங்களைத் தன் முத்திரையோடு சான்றளிக்க அரசு நியமிப்பவர், ஆக என்ன செய்ய வேண்டும், ஆகிவிட்டால் மாதம் எவ்வளவு வரும்? எழுத்தில் இருப்பவை இரண்டு கேள்விகள். அவற்றுக்குப் பின்னால் இருப்பது, கோர்ட் வருமானம் ஏறி இறங்கும் காலத்தில் இந்த முத்திரையை நம்பி நிலையான பிழைப்பு ஒன்றை அமைக்க முடியுமா, யாரோ செய்யும் மோசடியில் தன் பெயர் சிக்காமல் இருக்குமா என்ற கவலை. அமைக்க முடியும். ஆனால் ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் காசில் அது அமைவதில்லை. எதில் அமைகிறது, எங்கே சிக்கல் வருகிறது என்பதைத்தான் கீழே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாதவை. நோட்டரிகளை நியமிப்பது 1952-ஆம் ஆண்டு நோட்டரிகள் சட்டத்தின் கீழ். நடைமுறையைச் சொல்வது 1956-ஆம் ஆண்டு நோட்டரிகள் விதிகள். விதி 3-இன்படி வழக்கறிஞராகக் குறைந்தது 10 ஆண்டு தொழில் செய்திருக்க வேண்டும். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் 7 ஆண்டு போதும். நீங்கள் பெண் என்பதால் இன்னும் ஒரு வருடம். இரண்டு சலுகைக்கும் உரியவர் என்றால் இன்னும் குறையுமா என்று சிலர் கேட்பார்கள்; குறையாது, 7-தான். இங்கே கணக்கில் வருவது தொழில் செய்த காலம். நடுவில் சனதை (வழக்கறிஞராகத் தொழில் செய்யும் உரிமத்தை) நிறுத்தி வைத்துச் சம்பள வேலைக்குப் போயிருந்தால் அந்த வருடங்களைச் சேர்த்துக் காட்டாதீர்கள். பார் கவுன்சில் பதிவில் அது தெரிந்துவிடும். உங்கள் காலத்தில் என்ரோல் ஆனவர்களுக்கு அகில இந்திய பார் தேர்வும் உண்டு. அதில் தேர்ச்சி பெற்ற சான்றிதழ் தேடினால் கையில் கிடைக்கும்படி இருக்கட்டும்.

நியமனம் இரண்டு வழியில் வருகிறது. மத்திய அரசு நாட்டின் எந்தப் பகுதிக்கும் நியமிக்கலாம். மாநில அரசு தன் எல்லைக்குள் நியமிக்கும். எந்த வழியில் வந்தாலும் செய்யும் செயலின் சட்ட மதிப்பு ஒன்றே. ‘சென்ட்ரல் நோட்டரி’ என்றால் உயர்வு என்ற பேச்சு பார் ரூமில் மட்டும்தான். வேறுபடுவது சான்றிதழில் எழுதப்படும் எல்லை. தூத்துக்குடி மாவட்டம் என்று எழுதியிருந்தால் அதுதான் உங்கள் எல்லை. சங்கரன்கோவிலில் உறவினர் வீட்டில் உட்கார்ந்து சீல் போட முடியாது. எல்லையை விரிவாக்க விதி 8ஏ-இன் கீழ் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஒரு மாநிலத்தில் எத்தனை நோட்டரிகள் இருக்கலாம் என்பதற்கு விதிகளின் அட்டவணையில் உச்ச வரம்பு உண்டு. தமிழ்நாடு அரசு நியமிக்கக்கூடிய எண்ணிக்கை 2025 அக்டோபரில் 2,500-இலிருந்து 3,500 ஆக உயர்த்தப்பட்டது. இது உங்களுக்குச் சாதகமான செய்திதான். ஆனால் வரம்பு உயர்ந்தது என்பதற்காக அத்தனை இடத்தையும் உடனே நிரப்பிவிடுவார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விண்ணப்பம் படிவம் 1. அதில் பலர் தடுக்கி விழும் இடம் மேலொப்பம். ஒரு மாஜிஸ்திரேட், தேசியமயமாக்கப்பட்ட வங்கியின் மேலாளர் ஒருவர், ஒரு வணிகர், நீங்கள் தொழில் செய்ய நினைக்கும் பகுதியின் முக்கியப் பிரமுகர்கள் இருவர் என்று ஐந்து பேர் கையெழுத்திட வேண்டும். ஊருக்கு உங்களைத் தெரியும் என்பதற்கான சாட்சியம் இது. கடைசி வாரத்தில் ஓடினால் வங்கி மேலாளர் மாற்றலாகிப் போயிருப்பார். தெரியாத ஒருவரிடம் இடைத்தரகர் மூலம் வாங்கிய கையெழுத்தோ, விசாரித்தால் ‘யார் என்று தெரியாது’ என்ற பதிலில் முடியும். இந்த ஒரு வருடத்திலேயே அந்த ஐந்து பேரும் யார் என்று முடிவு செய்து வையுங்கள். விண்ணப்பத்தில் உங்கள் பெயர், தகப்பனார் பெயர், இனிஷியல் எல்லாம் என்ரோல்மென்ட் சான்றிதழ், ஆதார், பட்டச் சான்றிதழ் மூன்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். திருமணத்துக்குப் பின் இனிஷியலை மாற்றிய பெண் வழக்கறிஞர்களின் விண்ணப்பங்கள் நிற்பது பெரும்பாலும் இங்கேதான்.

மத்திய நியமனத்துக்கு 2024 செப்டம்பர் முதல் தனி இணையதளம் இருக்கிறது. விண்ணப்பம், சான்றிதழ், புதுப்பித்தல், ஆண்டறிக்கை எல்லாவற்றையும் அதன் வழியாக நடத்தத்தான் அதைக் கொண்டுவந்தார்கள். மாநில நியமனத்துக்கு மாநில அரசு குறிப்பிடும் அதிகாரி வழியாகப் போக வேண்டும். நேர்காணலுக்குச் சட்டத்தின் பிரிவு 8-ஐ முழுதாகப் படித்துப் போங்கள். நோட்டரி செய்யக்கூடிய வேலைகள் அத்தனையும் அந்த ஒரே பிரிவில் இருக்கின்றன. பிரமாணப் பத்திரத்துக்கும் கையெழுத்துச் சான்றொப்பத்துக்கும் உள்ள வேறுபாடு, உண்டியல் (பணம் தரச் சொல்லும் வணிக ஆவணம்) அவமதிப்பைக் குறிப்பதற்கும் அதற்கு எதிர்ப்புறுதிச் சான்று, அதாவது அவமதிப்பை முறைப்படி உறுதி செய்யும் சான்று, தருவதற்கும் உள்ள வேறுபாடு, சீலின் அளவு, பதிவேட்டின் படிவ எண் ஆகியவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். பணம் கொடுத்தால் வாங்கித் தருகிறேன் என்று வருபவரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். அப்படி ஒரு வழி உண்மையில் இருந்தாலும், உங்கள் முத்திரையின் பிறப்பையே யாரும் கேள்வி கேட்கலாம் என்ற நிலையில் இந்தத் தொழிலைத் தொடங்கக் கூடாது.

நியமனம் கிடைத்ததும் செய்ய வேண்டியவற்றில் சட்டப்படி கட்டாயமானவை எவை, வெறும் பழக்கம் எவை என்று பிரித்துக்கொள்ளுங்கள். சீல் கட்டாயம்: 5 செ.மீ. விட்டமுள்ள வட்டம், அதில் உங்கள் பெயர், எல்லை, பதிவு எண், ‘நோட்டரி’ என்ற சொல், நியமித்த அரசின் பெயர். பதிவேடு கட்டாயம்: படிவம் 15. பயன்படுத்தத் தொடங்கும் முன் முதல் பக்கத்தில் ‘இதில் இத்தனை பக்கங்கள் உள்ளன’ என்று எழுதித் தேதியோடு கையெழுத்திட வேண்டும். பக்கம் கிழிக்கப்படவில்லை என்பதைப் பின்னால் நிரூபிக்கப்போவது இந்தக் குறிப்புதான். கட்டண ரசீதும் கட்டணப் பதிவேடும் கட்டாயம். கட்டணப் பட்டியலை அலுவலகத்தில் கண்ணில் படும்படி மாட்டுவதும், அலுவலகம் எல்லைக்குள் இருப்பதும் அப்படியே. சிவப்பு வட்டத்தாள், தங்க நிற ஸ்டிக்கர், பச்சை நூல் இவையெல்லாம் பழக்கம். வெளிநாட்டுக்குப் போகும் ஆவணத்தில் பார்க்க நன்றாக இருக்கும், இல்லாவிட்டால் குற்றமில்லை. நோட்டரி ஸ்டாம்ப் முத்திரைச் சட்டத்தின் கீழ் வருவது. ஒட்டினால் மட்டும் போதாது. மறுபடி உரித்து ஒட்ட முடியாதபடி அதன் மேல் கையெழுத்தும் தேதியும் குறுக்கே ஓட வேண்டும்.

இனி உண்மையான விஷயத்துக்கு வருகிறேன். ஒரே ஒரு பிரமாணப் பத்திரத்தை ஒழுங்காக முடிக்கத் தெரிந்துவிட்டால் மற்றவை எல்லாம் அதன் விரிவுதான். ஆள் நேரில் வர வேண்டும். அசல் அடையாள அட்டையை வாங்கி, முகத்தைப் பார்த்து, எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஜெராக்ஸை மட்டும் ஏற்காதீர்கள். பத்திரத்தில் காலி இடம் இருந்தால் கோடு போட்டு அடைக்கச் சொல்லுங்கள். அடித்தல் திருத்தல் இருந்தால் அந்த இடத்தில் அவரும் நீங்களும் சுருக்கொப்பமிட வேண்டும். ‘இதைப் படித்தீர்களா, என்ன எழுதியிருக்கிறது?’ என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் நிறுத்திவிட்டுப் படித்துக் காட்டுங்கள். எழுத்தறியாதவர், அல்லது ஆங்கிலத்தில் உள்ளதைத் தமிழில் மட்டும் புரிந்துகொள்பவர் என்றால், யார் படித்துக் காட்டினார், எந்த மொழியில் விளக்கப்பட்டது, அவர் புரிந்துகொண்டு ஒப்புக்கொண்டார் என்பதை உறுதிமொழிக் குறிப்பிலேயே எழுத வேண்டும். கைநாட்டு என்றால் எந்தக் கையின் பெருவிரல் என்பதும் வேண்டும். பிறகு உறுதிமொழி எடுக்கச் சொல்லி, உங்கள் கண்ணெதிரே ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்குங்கள். பதிவேட்டில் வரிசை எண் போட்டு, அதிலும் அவர் கையெழுத்தை வாங்கி, அந்த எண்ணைப் பத்திரத்தில் எழுதுங்கள். ஸ்டாம்ப், சீல், உங்கள் கையெழுத்து, தேதி, இடம், ரசீது. நிதானமாகச் செய்தால் பத்து நிமிடம் ஆகும்.

இந்தப் பத்து நிமிடத்தை இரண்டாகக் குறைக்கத்தான் எல்லாத் திசையிலிருந்தும் நெருக்குதல் வரும். ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட பத்திரங்களைக் கட்டாக எடுத்துக்கொண்டு தெரிந்த குமாஸ்தா வருவார்: ‘பார்ட்டி வண்டியில இருக்காரு மேடம், வயசானவரு.’ வண்டிவரை நடந்து போய்ப் பாருங்கள், அல்லது மறுத்துவிடுங்கள். நேற்றைய தேதி வேண்டும் என்று சீனியர் ஒருவரே கேட்பார். அதற்கு இடம் கொடுத்தால் பதிவேட்டில் வரிசை எண் 112-க்கும் 113-க்கும் நடுவில் 112ஏ முளைக்கும். ஒரு பதிவேட்டின் மீதுள்ள நம்பிக்கையைக் குலைக்க அப்படி ஒரு எண் போதும். பதிவேட்டைச் சாயங்காலம் மொத்தமாக நிரப்பும் பழக்கமும் இதே வகைதான். ஒரே மையில், ஒரே வேகத்தில் எழுதிய இருபது வரிகள் நீதிமன்றத்தில் தாமே காட்டிக்கொடுக்கும். சீலை மேசை மேல் வைத்துவிட்டுக் கோர்ட்டுக்குப் போவது எல்லாவற்றிலும் மோசம். அது பூட்டிய இழுப்பறையில் இருக்க வேண்டும், சாவி உங்களிடம் இருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், நோட்டரியின் வேலைக்குச் சோதனை வருவது பல வருடம் கழித்துத்தான். ஒரு பவர் பத்திரம் பொய் என்று ஒருவர் வழக்குப் போடுவார். உங்களுக்குச் சம்மன் வரும், பதிவேட்டோடு. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே வகைதான்: இவரை உங்களுக்கு முன்பே தெரியுமா, எந்த அடையாளத்தைப் பார்த்தீர்கள், அது எங்கே எழுதியிருக்கிறது? ஆயிரக்கணக்கானவர்களில் ஒரு முகம் யாருக்கும் நினைவிருக்காது. பதிவேட்டில் உள்ளதுதான் உங்கள் சாட்சியம். நோட்டரி முன்னிலையில் எழுதி உறுதி செய்யப்பட்ட பவர் பத்திரம் முறையாக எழுதப்பட்டது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது பாரதிய சாட்சிய சட்டத்தின் பிரிவு 84, அதாவது பழைய சாட்சியச் சட்டத்தின் 85. அந்த அனுமானத்தின் உயிர், எழுதிக்கொடுத்தவர் யார் என்று நோட்டரி தன்னைத் திருப்திப்படுத்திக்கொண்டாரா என்பதில் இருக்கிறது என்பதை ஜக்ராஜ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1970-இலேயே காட்டிவிட்டது. ‘என் முன் கையெழுத்திட்டார்’ என்று மட்டும் எழுதாமல், ‘இன்ன அடையாள அட்டையால் அடையாளம் காணப்பட்டவர்’ என்றும் எழுதச் சொல்வது இதனால்தான்.

நோட்டரிகள் சட்டத்தின் பிரிவு 13 நோட்டரிகளைக் காப்பாற்றும் என்று ஒரு பேச்சு உண்டு. அது சொல்வது, நோட்டரி தன் கடமையில் இந்தச் சட்டத்தின் கீழ் செய்ததாகச் சொல்லப்படும் குற்றத்தை, அரசு அதிகாரமளித்த அதிகாரியின் எழுத்து மூலமான புகாரின் பேரில்தான் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம் என்பது. விதி 13-இன் கீழ் முறைகேடு விசாரணைக்கும், பார் கவுன்சில் நடவடிக்கைக்கும் அது தடையில்லை. முறைகேடு நிரூபணமானால் பிரிவு 10-இன்படி பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கலாம். பிரிவு 13-ஐக் கவசமாக நினைத்துக் கையெழுத்துப் போட்டவர்கள் அதன் பொருளைச் சரியாகப் படிக்கவில்லை.

எதை மறுக்க வேண்டும் என்பதும் தொழிலின் ஒரு பாதி. திருமணம் செய்துகொண்டோம், விவாகரத்து செய்துகொண்டோம் என்று நூறு ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டு வருவார்கள். திருமணப் பதிவாளரும் குடும்ப நீதிமன்றமும் செய்ய வேண்டியதை நோட்டரி செய்ய முடியாது. மத்திய சட்ட விவகாரத் துறை 2024 அக்டோபரில் இதை நோட்டரிகளுக்கு எழுத்திலேயே எச்சரித்திருக்கிறது. அந்தத் தாளை நம்பி வாழ்க்கையை நடத்தி, பிறகு ஏமாறுவது பெரும்பாலும் பெண்கள்தான். அதனால் இந்த மறுப்பை நான் வெறும் நடைமுறை விஷயமாகப் பார்ப்பதில்லை. காரணத்தைச் சொல்லி, சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வழியும் காட்டி அனுப்புங்கள். நிலம் விற்கும் ஒப்பந்தத்தை நோட்டரி போட்டால் போதும் என்று இன்னும் நம்புகிறார்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் அசையாச் சொத்து தொடர்பான விற்பனை ஒப்பந்தமும் பவர் பத்திரமும் கட்டாயப் பதிவுக்கு உரியவை. தவிர, பதிவுச் சட்டத்தின் பிரிவு 33-இன்படி, இந்தியாவில் வசிப்பவர் கொடுக்கும் பவரை வைத்துப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டுமானால் அது பதிவாளர் அல்லது சார்பதிவாளர் முன் எழுதி உறுதி செய்யப்பட்டிருக்க வேண்டும். நோட்டரி முன் செய்தது செல்லாது. வெளிநாட்டில் வசிப்பவருக்குத்தான் அந்த நாட்டு நோட்டரியோ இந்தியத் தூதரகமோ போதும். உயிலுக்கு நோட்டரி தேவையே இல்லை. இரண்டு சாட்சிகள் முறையாகக் கையெழுத்திட வேண்டும், அதுதான் தேவை; உங்கள் சீல் அந்த இரண்டு சாட்சிகளின் குறையை நிரப்பாது. இலங்கைத் தமிழர்கள் இந்த இடத்தில் குழம்புவது இயல்பு. அங்கே 1840-ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி காணி உறுதியே (நிலப் பத்திரமே) நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில்தான் எழுதப்படுகிறது. இந்திய நோட்டரிக்கு அந்த இடம் கிடையாது.

வருமானம். விதி 10-இல் ஒவ்வொரு செயலுக்கும் கட்டணம் இருக்கிறது. பிரமாணப் பத்திரத்துக்கும் சான்றொப்பத்துக்கும் உரிய தொகை மிகச் சிறியது, அதற்கு மேல் வாங்குவது முறைகேடு. அதோடு, எண்ணிக்கையை நம்பிய வேலை அரசின் ஒரே உத்தரவில் மறைந்துவிடும். பாஸ்போர்ட் விண்ணப்பத்தின் இணைப்புப் படிவங்களுக்கு நோட்டரி தேவையில்லை, வெள்ளைத்தாளில் சுய உறுதிமொழி போதும் என்று 2016 டிசம்பரில் அறிவித்தார்கள். சான்றிதழ் நகல்களுக்குச் சுய சான்றொப்பம் வந்ததும் ட்ரூ காப்பி வேலையும் அப்படித்தான் சுருங்கியது. ஆகவே கோர்ட் வாசலில் மேசை போட்டுக் கூட்டத்தை நம்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நோட்டரியாக நீங்கள் செய்வதற்கு விதிக் கட்டணம். வழக்கறிஞராக ஆவணத்தை வரைவதற்கு, ஆலோசனை சொல்வதற்கு உங்கள் தொழில் கட்டணம். இரண்டுக்கும் தனித்தனி ரசீது. நிலையான வருமானம் இரண்டாவதில்தான் சேரும். முத்திரை அந்த ஆட்களை உங்கள் வாசலுக்குக் கொண்டுவருகிறது.

இதில் மிகவும் வளமானது வெளிநாட்டுக்குப் போகும் ஆவண வேலை, குறிப்பாக மொழிபெயர்ப்பு. பிரிவு 8 மொழிபெயர்ப்பதையும், மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பதையும் நோட்டரியின் வேலையாகவே சொல்கிறது. பிறப்புச் சான்று, சாதிச் சான்று, வாரிசுச் சான்று, பழைய கிரயப் பத்திரம் என்று தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போக வேண்டியவை ஏராளம். அக்கறையோடு செய்பவர்கள் குறைவு. மூலத்தில் உள்ள ஒவ்வொரு முத்திரையும், ஓரக் குறிப்பும், பின்பக்க எழுத்தும் மொழிபெயர்ப்பில் வர வேண்டும். படிக்க முடியாத இடத்தில் ‘தெளிவில்லை’ என்று எழுதுங்கள், ஊகிக்காதீர்கள். தேதியில் மாதத்தை எழுத்தால் எழுதுங்கள். 4-5-1998 என்பதை அமெரிக்காவில் ஏப்ரல் 5 என்று படிப்பார்கள். பழைய பத்திரங்களில் தமிழ் வருடமும் மாதமும் மட்டுமே இருந்தால் அதை அப்படியே எழுதி, இணையான ஆங்கிலத் தேதியை மொழிபெயர்ப்பாளர் குறிப்பு என்று பிரித்துக் காட்டுங்கள். பெரிய தலைவலி இனிஷியல். சான்றிதழில் ‘எம். செல்வி’ என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் ‘செல்வி முருகேசன்’ என்று இருக்கும். கட்சிக்காரர் ‘எம்’-ஐ விரித்து எழுதச் சொல்வார். மூலத்தில் இல்லாததை மொழிபெயர்ப்பில் சேர்க்கக் கூடாது. ‘எம். செல்வி’ என்றே விட்டுவிட்டு, இரண்டு பெயரும் ஒரே நபரைக் குறிக்கின்றன என்று தனியாக ஒரு பிரமாணப் பத்திரம், ஆதாரங்களின் நகலோடு, போட்டுக் கொடுங்கள். இந்த ஒன்றைத் தெளிவாகச் செய்து கொடுக்கும் நோட்டரியைத் தேடிப் பக்கத்து ஊர்களிலிருந்தும் வருவார்கள். உங்களுக்குத் தெரியாத மொழியைச் சரிபார்த்ததாக மட்டும் ஒருபோதும் எழுதாதீர்கள்.

அப்போஸ்டில், அதாவது ஓர் ஆவணத்தை வெளிநாட்டில் ஏற்கச் செய்யும் சான்று, பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். ஹேக் அப்போஸ்டில் உடன்படிக்கை இந்தியாவுக்கு 2005 ஜூலை 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. அப்போஸ்டில் தருவது வெளியுறவு அமைச்சகம், நோட்டரி அல்ல. உங்கள் கையெழுத்து அந்தச் சங்கிலியின் முதல் கண்ணியாக மட்டும் இருக்கலாம். உடன்படிக்கையில் சேராத நாடு என்றால் தூதரகச் சான்று தனியாக வேண்டும். பிறப்புச் சான்று போன்றவற்றுக்கு நோட்டரி நகல் உதவாமல், பதிவாளர் தந்த அசலே தேவைப்படலாம். அதனால் பணம் வாங்கும் முன் ‘எந்த நாடு, எந்த அலுவலகம், அவர்கள் அனுப்பிய படிவம் எங்கே?’ என்று மூன்று கேள்வி கேளுங்கள். வெளிநாட்டு வங்கிப் படிவங்களில் ‘மேற்கண்ட விவரங்கள் உண்மை என நோட்டரி சான்றளிக்கிறார்’ என்ற வாசகம் இருக்கும். உங்களுக்குத் தெரிந்தது கையெழுத்திட்டவர் யார், எப்போது, எங்கே என்பது மட்டும். வாசகத்தை அடித்து அதற்கேற்ப மாற்றி எழுதுங்கள். காரணம் விளக்கி ஒரு வரி சேர்த்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள்.

உங்கள் மாவட்டத்தில் துறைமுகம் இருப்பது மற்ற ஊர்க்காரர்களுக்கு இல்லாத வாய்ப்பு. புயலிலோ கொந்தளிப்பிலோ சிக்கி வந்த கப்பலின் மாஸ்டர் (கேப்டன்), சரக்குச் சேதத்துக்குத் தான் பொறுப்பல்ல என்று காட்ட, கரை சேர்ந்ததும் சரக்கறையைத் திறக்கும் முன்பே நோட்டரி முன் கப்பல் எதிர்ப்புறுதி பதிவு செய்வார். 24 மணி நேரத்துக்குள் செய்வது வழக்கம். பயண நாட்குறிப்பின் அசலைப் பார்த்து, தேதி, நேரம், கடல் நிலை, காற்றின் வேகம் ஆகியவற்றை அதிலிருந்தே எடுக்க வேண்டும். விரிவான எதிர்ப்புறுதியைப் பின்னர் தயாரிக்கலாம் என்ற உரிமையையும் அதில் குறித்து வைக்க வேண்டும். இந்த அழைப்பு இரவு எந்த நேரத்திலும் வரும். கப்பல் ஏஜென்ட்டுகளுக்கு இந்த வேலை தெரிந்த நோட்டரி தேவை. அப்படிப்பட்டவர்கள் அதிகம் இல்லை. கோவில்பட்டியிலிருந்து தூத்துக்குடிக்கு ஓடுவது உங்களுக்குச் சாத்தியமா என்பது உங்கள் குடும்பச் சூழலைப் பொறுத்தது. அது கடினம் என்றால், ஊரிலேயே உள்ள தீப்பெட்டி ஏற்றுமதியாளர்களின் முகவர் ஒப்பந்தங்கள், அதிகாரக் கடிதங்கள், இயக்குநர் குழுத் தீர்மான நகல்கள் உங்களுக்குப் போதும். வெளிநாட்டு உண்டியல் அவமதிக்கப்பட்டால் செலாவணிமுறி ஆவணச் சட்டத்தின் பிரிவு 104-இன்கீழ் எதிர்ப்புறுதிச் சான்று தேவைப்படலாம். எப்போதாவதுதான் வரும், ஆனால் வரும்போது செய்யத் தெரிந்திருக்க வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தேர்தல் காலத்தில் வேட்பாளரின் படிவம் 26, அதாவது வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரம், வரும். ஒவ்வொரு பக்கத்திலும் வேட்பாளர் கையெழுத்தும் உங்கள் முத்திரையும் வேண்டும். ஒரு கட்டமும் காலியாக இருக்கக் கூடாது, ‘இல்லை’ என்றாவது எழுத வேண்டும், இல்லையென்றால் மனு தள்ளுபடியாகும் ஆபத்து உண்டு. நடக்க முடியாத முதியவர்களின் வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் போய்ச் செய்யும் வேலைக்குத் தேவை கூடிக்கொண்டே இருக்கிறது. அங்கே உறவினர்களை வெளியே அனுப்பிவிட்டுத் தனியாகப் பேசுங்கள். மருந்து மயக்கத்தில் இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். நீதிமன்றம் பணித்தால் ஆணையராகச் சாட்சியம் பதிவு செய்யலாம். நீங்கள் வக்காலத்து போட்டிருக்கும் வழக்கின் பிரமாணப் பத்திரத்தில் நீங்களே நோட்டரியாகக் கையெழுத்திடுவதைத் தவிர்த்துவிடுங்கள். காணொளியில் பார்த்துச் சான்றொப்பம் இடவும் சட்டத்தில் இப்போது வழியில்லை. துபாயில் இருக்கும் மகனின் கையெழுத்தை வாட்ஸ்அப்பில் பார்த்தேன் என்பது பதிவேட்டில் எழுத முடியாத வாசகம்.

உறுதியாகச் சொல்ல முடியாத ஒன்றும் உண்டு. ஒருவர் மொத்தம் 15 வருடம்தான் நோட்டரியாக இருக்கலாம் என்ற வரம்பைக் கொண்டுவரும் வரைவு மசோதாவை மத்திய அரசு 2021-இல் கருத்துக்காக வெளியிட்டது. வரைவு என்ற அளவில் வைத்துத்தான் அதைப் பேச வேண்டும். ஆனால் திட்டமிடும்போது அதை நினைவில் வையுங்கள்: கோர்ட் தொழிலை விட்டுவிட்டு முத்திரையை மட்டும் நம்புவது சரியல்ல என்று நான் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நோட்டரி கட்டணம் சம்பளமல்ல என்பதால் இரண்டையும் சேர்த்து நடத்தத் தடையேதும் இல்லை.

இப்போதுள்ள சட்டப்படி சான்றிதழ் 5 வருடத்துக்குச் செல்லும். புதுப்பிக்கும் விண்ணப்பத்தை, காலம் முடிவதற்கு ஆறு மாதத்துக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். கொடுத்ததற்கான அத்தாட்சியைப் பத்திரப்படுத்துங்கள். காலாவதியான சான்றிதழோடு போட்ட ஒவ்வொரு சீலும் உங்கள் மேல் மட்டுமல்ல, அந்த ஆவணத்தை நம்பியவர் மேலும் விழும். ஆண்டறிக்கை ஜனவரி முதல் வாரத்தில், படிவம் 14-இல் தர வேண்டும். ஒரு வருடம் விட்டால் புதுப்பிக்கும்போது கேள்வி வரும். மாவட்ட நீதிபதியோ அரசு அதிகாரமளித்த அதிகாரியோ ஆண்டுக்கு இரண்டு முறைவரை பதிவேட்டைப் பார்வையிடலாம். மாதக் கடைசியில் நீங்களே ஒரு முறை ரசீது எண்களையும் பதிவேட்டு எண்களையும் ஒப்பிட்டு வைத்தால் அந்த நாளில் பதற வேண்டியதில்லை. முடிந்துபோன பதிவேடுகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். இரும்பு அலமாரியில், கரையான் ஏறாத தட்டில், முதுகில் தொடக்க எண்ணும் முடிவு எண்ணும் ஒட்டி வையுங்கள். ஸ்கேன் செய்தும் வைக்கலாம், தேட வசதியாக இருக்கும். ஆனால் சம்மனில் கேட்கப்போவது அந்தக் காகிதப் பதிவேட்டைத்தான்.